குண்டுமணிக்கும் ஒரு முத்திரை

ஆறு மில்லிமீற்றர் விட்டமுள்ள 22 கரட் தங்கமணியை முழுக் கட்டியாக வார்த்தால் ஏறத்தாழ 2 கிராம் செல்லும். 0.2 மில்லிமீற்றர் தகட்டில் உள்ளே வெறுமையாகச் செய்தால் 0.4 கிராமுக்குள் முடிந்துவிடும். கழுத்தில் ஏறியபின் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கொழும்புச் செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும், பவுண் விலை ஏறிய காலத்திலும் நடுத்தரக் குடும்பம் குண்டுமணி மாலை கேட்க முடிவது இந்தக் கணக்கால்தான்.

வட்டத் தகடுகளைக் குழிக்கட்டையில் அடித்து, அரைக்கோளங்களாக்கி, இரண்டிரண்டாகப் பற்றவைப்பது பத்தர்களின் பழைய முறை. அதே வேலையை இப்போது இயந்திரமும் செய்கிறது. கூலி இறங்கியது நல்லதே. ஆனால் மணி மெலிய மெலிய, பற்றாசின் பங்கு கூடுகிறது. பற்றாசு பெரும்பாலும் மாற்றுக் குறைந்தது. சில மணிகளுக்குள் நசுங்காமலிருக்க அரக்கும் நிரப்புவார்கள். வாங்கும்போது அதையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்துவிட்டால், அடகு வைக்கப் போகும் நாளில்தான் நட்டம் தெரியவரும்.

இதற்கு மருந்து முத்திரை. இந்தியா 2021 ஜூலையில் ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தெண் கொண்ட தனி அடையாளத்தைக் கொண்டுவந்து, 2023 ஏப்ரல் முதல் அது இல்லாத விற்பனையைத் தடுத்தது. ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு அங்கே விலக்கு உண்டு. கட்டணமும் எடைக்கல்ல, உருப்படிக்கே. தனி மணி இந்த வலையில் விழாது.

உருண்டையில் முத்திரை பதிக்க முடியாது என்பது பழைய சாக்கு. உளியால் குத்தினால் வெற்று மணி நசுங்கும் என்பது உண்மை. லேசர் மணியைத் தொடுவதில்லை. 6 மில்லிமீற்றர் மணியில் ஒரு மில்லிமீற்றர் அகல எழுத்தை மையத்தில் பொறித்தால், வளைவால் ஏற்படும் உயர வேறுபாடு 0.04 மில்லிமீற்றர் அளவுதான். கதிரின் குவியம் அதைத் தாங்கும். மணி உருளாமல் பிடித்துவைக்கும் குழித்தட்டுத்தான் உண்மையான தேவை. அதைச் செய்ய நம் பட்டறைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சிக்கல் சோதனையில் இருக்கிறது. எக்ஸ் கதிர்க் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். உருக்கிப் பார்க்கும் சோதனை துல்லியமானது. ஆனால் சோதித்த மணி மிஞ்சாது. இங்கேதான் இயந்திர உற்பத்தி கைகொடுக்கிறது. ஒரே தகட்டில், ஒரே பற்றாசில் வந்த ஆயிரம் மணிகளில் சிலவற்றை முழுதாக உருக்கினால் போதும்; பற்றாசும் சேர்ந்தே கணக்கில் வரும். மிச்சத்துக்கு மாற்றும் தொகுதி எண்ணும் பொறிக்கலாம். சோதனைச் செலவு ஆயிரமாகப் பிரிந்துவிடும்.

லேசர் இயந்திரம் சிறு பட்டறைக்குத் தனியே கட்டுப்படியாகாது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை, செட்டியார் தெருவை ஒட்டி ஒரு பொது முத்திரை நிலையம் திறந்து, தொகுதிக்கு ஒரு கட்டணம் அறவிடலாம். அது இல்லாமல் முத்திரையைக் கட்டாயமாக்கினால், பெரிய கடைகள் தப்பும். சிறு பத்தர் தொழிலை விடுவார். முதலில் நிலையம், பிறகு சட்டம் என்பதே சரியான வரிசை.