அடிச்சூடு

மதர்போர்டில் உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கழற்றும்போது பாசிட்டிவ் கால் பெரும்பாலும் சட்டென்று இளகிவிடும். நெகட்டிவ் கால் லேசில் இளகாது. டிப்பை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும் ஈயம் பளபளக்காமல் மங்கலாகவே நிற்கும். அந்தக் கால் சேரும் கிரவுண்டு செம்புத் தகடு போர்டின் உள்ளடுக்கு முழுக்கப் பரவியிருக்கிறது; நாம் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது வாங்கிக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்து ஸ்டேஷனை 450 டிகிரிக்கு ஏற்றி, ஆட்டி இழுத்தால் கால் வந்துவிடும். துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் கூடவே வந்துவிடும். நானும் இப்படி இழுத்திருக்கிறேன். சரிசெய்யக் கொடுத்தவரிடம் அந்தப் போர்டை அப்படியே திருப்பிக் கொடுத்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

அடுத்து எந்த ஹாட் ஏர் ஸ்டேஷன் வாங்கலாம் என்று கேட்கும் தோழர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் ப்ரீஹீட்டர் வாங்குங்கள்.

பழைய 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி 2006 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபின் பெருவாரியான போர்டுகள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறிவிட்டன. அவற்றில் அதிகம் புழங்கும் எஸ்.ஏ.சி. 305 உருகத் தொடங்குவதே 217 டிகிரியில்தான். ஆனால் சாதாரண எஃப்.ஆர்.4 போர்டு 130, 140 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். தடிமன்வாக்கில் வேகமாக விரியும், செம்பைப் பிடித்திருக்கும் பிசினின் பிடியும் தளரும். பேட் தூக்கிக்கொள்வதற்குக் கை நடுக்கத்தைக் குறை சொல்கிறோம். பல நேரம் உண்மைக் காரணம், ஒரே இடத்தில் நெடுநேரம் நின்ற சூடுதான்.

ப்ரீஹீட்டரால் அடியிலிருந்து போர்டு முழுவதையும் மெல்ல 100 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. 30 டிகிரியில் கிடக்கும் போர்டில் டிப் ஏற்றித் தரவேண்டியது 187 டிகிரி. இப்போது 117 போதும். உள்ளடுக்குச் செம்பும் ஏற்கெனவே சூடாகியிருப்பதால் டிப்பின் சூட்டைக் களவாடாது. 350-இல் வைத்த அயர்னே அந்த நெகட்டிவ் காலைச் சில நொடிகளில் இளக்கிவிடும். மறுவேலைக்கான ஐ.பி.சி. 7711/7721 தரநூலும் முன்சூடேற்றலுக்கென்று தனி நடைமுறை வைத்திருக்கிறது. ஏற்றும்போது அவசரம் கூடாது. பிளாஸ்டிக் கனெக்டர்களைக் காப்டன் டேப்பால் மூடுங்கள், பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஊசிமுனை டிப்பை மேசையிலிருந்தே எடுத்துவிடலாம். அது தொடும் பரப்பு மிகக் குறைவு, சூடு இறங்காது. உளிமுனையோ கத்திமுனையோ போதும். கருத்துப்போன டிப்பை அரத்தால் ராவாதீர்கள். மேலிருக்கும் இரும்புப் பூச்சு போனால் உள்ளிருக்கும் செம்பை ஈயமே தின்றுவிடும். ஃபிளக்ஸில் சிக்கனம் பார்க்காதீர்கள். விக் ஈயத்தை உறிஞ்சவில்லை என்றால் அதில் ஃபிளக்ஸ் காய்ந்துபோயிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். தகரம் பற்றவைக்கும் ஆசிட் மட்டும் போர்டின் பக்கமே வரக்கூடாது. கழற்றுவதற்கு முன் பழைய 63/37 ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து உருக்கினால் உருகுநிலை இறங்கும். இதையெல்லாம் உங்களில் பலர் ஏற்கெனவே செய்கிறீர்கள். அடிச்சூடு ஒன்றைத்தான், பெரிய கம்பெனிக்காரர்களுக்கான ஆடம்பரம் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். அது ஆடம்பரம் அல்ல. ஆறடுக்குப் போர்டைத் தொடுகிற எல்லாருக்கும் அது அடிப்படைக் கருவி.

உங்கள் மல்டிமீட்டரோடு வந்த கே வகை தெர்மோகப்பிள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அடுத்த போர்டு மேசைக்கு வரும்போது அதை எடுத்து, வேலைசெய்யும் இடத்துக்குப் பக்கத்தில் போர்டின் மேல்பக்கம் காப்டன் டேப்பால் ஒட்டுங்கள். ப்ரீஹீட்டரின் திரையில் தெரியும் எண்ணை நம்பவேண்டாம். மீட்டர் 100-ஐத் தொட்டபிறகு அயர்னைக் கையில் எடுங்கள்.