போர்வெல்லும் 13 கோடி வருடமும்

தாம்பரம் தாண்டி ஒரு மனை வாங்கலாம் என்று கிளம்பினால், நம் ஆட்கள் விசாரிப்பது மூன்றே விஷயம்: பட்டா, வாஸ்து, ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிஷம். (புரோக்கர் சொல்கிற 'பத்து நிமிஷம்' ஹெலிகாப்டரில்.) அடியில் என்ன கல் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. போர் லாரி வந்து, அடிக்கு இவ்வளவு என்று பணம் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஞானம் பிறக்கும். அதற்குள் லோனில் பாதி பூமிக்குள் போயிருக்கும்.

பல்லாவரம், திரிசூலம் பக்கம் கருநீலமாகத் தெரிகிறதே, அது சார்னக்கைட். வயசு சுமார் 250 கோடி வருடம். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அவர் பேரையே வைத்துவிட்டார். கல் நம்முது, பேர் யாரோடதோ! இதில் விரிசல் இருந்தால் தண்ணீர் உண்டு. இல்லாவிட்டால் வெறும் பவுடர்தான் பறக்கும்.

மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கதையே வேறு.

சுமார் 13 கோடி வருடத்துக்கு முன்னால் நமக்குக் கிழக்கே வங்காள விரிகுடா கிடையாது. அண்டார்டிகாவோடு கூட்டுக் குடித்தனம். அப்புறம் பாகப்பிரிவினை ஆரம்பித்தது. பரோட்டா மாவை இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் மெலிந்து தொய்யும் அல்லவா? பூமியின் மேலோடும் அப்படித்தான். ஆனால் மாவு மாதிரி வளைந்து கொடுக்காது, உடையும். உடைந்த துண்டுகள் படிக்கட்டு போலச் சரிந்து இறங்கின. அப்படி உண்டான பள்ளங்களில் ஒன்றுதான் பாலாற்றுப் படுகை.

பள்ளம் என்று ஒன்று இருந்தால் முனிசிபாலிட்டிக்குத் தெரியாது, ஆற்றுக்குத் தெரிந்துவிடும். வடமேற்கே நகரி மலை. அங்கே குவார்ட்ஸைட் என்ற கெட்டிக் கல். அதுவே நூறு கோடி வருடத்துக்கும் முன்பு மணலாகக் கிடந்து இறுகியதுதான். மழையும் ஆறும் அதை உடைத்து உருட்டிக்கொண்டு வந்தன. வேகம் குறைந்ததும் ஆறு முதலில் இறக்கி வைப்பது கனமான லக்கேஜ், அதாவது குண்டுக்கற்கள். அப்புறம் மணல். கடைசியில் தேங்கிய தண்ணீரில் களிமண். சத்தியவேடு, அல்லிக்குழி பக்கம் கான்கிரீட் போட்ட மாதிரி உருண்டைக் கற்கள் பதிந்த பாறை இன்னும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறையில் இலைகளின் அச்சு கிடைத்தது. கூடவே அம்மோனைட் என்ற சுருண்ட கடல் பிராணியும். கடலும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, ஸார்.

இதனால் உங்களுக்கு என்ன? மணற்பாறை தண்ணீரைத் துகள்களுக்கு நடுவே வைத்திருக்கும், கேட்டால் கொடுக்கும். களிப்பாறை சில ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மாதிரி. வாங்கிக்கொள்ளும், லேசில் கொடுக்காது. உங்கள் மனைக்கு அடியில் அன்றைக்கு ஆறு வேகமாக ஓடியதா, தேங்கி நின்றதா என்பதைப் பொறுத்தது உங்கள் வீட்டுக் குழாய்.

நகரிக் கற்களின் பயணம் அதோடு நிற்கவில்லை. பாறையிலிருந்து மறுபடி உதிர்ந்த உருண்டைக் கற்களை, திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் யாரோ எடுத்து, தட்டி, கோடாரி செய்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட கணக்குப்படி அந்த இடத்தில் கருவிகள் செய்ய ஆரம்பித்து 15 லட்சம் வருடம் ஆகிறது. இந்தியாவில் இப்படிப்பட்ட கருவியை முதலில் அடையாளம் கண்டது நம்ம பல்லாவரத்தில்தான். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே 30-ம் தேதி ஒரு சரளைக் குழியில் எடுத்தார். அதுவும் குவார்ட்ஸைட்தான்!

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்து மனைக்காரரிடம், போரில் என்ன வந்தது என்று கேளுங்கள். கருநீலப் பவுடரா, மணலா, பிசுபிசு களியா? யாராவது கிணறு வெட்டிக் குவித்திருந்தால் இன்னும் நல்லது. சாம்பல் நிறத் தகடு ஒன்றை எடுத்து மெதுவாகப் பிளந்து பாருங்கள். உள்ளே ஓர் இலை இருக்கலாம். மேஸ்திரி அதை பேஸ்மென்ட்டில் கொட்டுவதற்குள் பார்த்துவிடுங்கள்.