நற்பெயர் சூட்டிய பிழை

தீபாவளி நெருங்குகிறது. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் யாவும் ஊர்ப் பயணத்தைப் பற்றியே பேசும் நாட்கள் இவை. இரயில்வே எழுத்தராகிய நமக்கோ இது சோதனைக் காலம். "சார், எப்படியாவது இரண்டு இடம்..." என்று கேளாத நண்பர் அரியர். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய மறுமொழி ஒன்று உண்டு. அதற்கு முன் நம் பிழையொன்றை ஒப்புக்கொள்வதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், இதே பண்டிகைக் காலத்தில், அவசர ஒதுக்கீடு கோரி வரும் கடிதங்களை அடுக்கி மேலதிகாரியின் பார்வைக்கு வைக்கும் வேலை நம்மிடம் இருந்தது. நண்பர் ஒருவர் மைத்துனியின் திருமணத்துக்குக் குடும்பத்தோடு செல்ல இடம் கேட்டார். மிக நல்லவர், நம் மகன் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் மருத்துவமனையில் நம்முடன் விழித்திருந்தவர். கடிதத்தில் "மருத்துவ சிகிச்சை" என்று காரணம் எழுதச் சொன்னவர் நாமே. அதை அடுக்கின் மேலே வைத்தவரும் நாமே. அதற்குக் கீழே, தகப்பனார் உயிருக்குப் போராடுகிறார் என்று முன்பின் அறியாத ஒருவர் எழுதிய கடிதம் இருந்தது. அதையும் நாம் படித்திருந்தோம். மேலே இருந்தவர்களோடு இடங்கள் தீர்ந்தன. மாலையில் அவர் வந்து கேட்டார். "இடமில்லை" என்றோம். கைகூப்பிவிட்டுச் சென்றார்.

அன்றிரவு நாம் நன்றாகவே உறங்கினோம் என்பதே வெட்கத்திற்குரியது. செய்தது பொய் என்று அறிவோம். ஆயினும் "செய்ந்நன்றி மறவாமை" என்று அதற்கொரு பெயர் சூட்டியிருந்தோம். நல்லவர்கள் தீமையைத் தீமை என்ற பெயரில் செய்வதில்லை. ஏதேனும் ஓர் அறத்தின் பெயரை அதற்கு இரவல் வாங்கிக் கொள்கிறார்கள்.

இது எழுத்தர் மேசையில் மட்டும் நிகழ்வதன்று. நாட்டின் மிக உயர்ந்த ஆசனங்களிலும் நிகழ்ந்ததுண்டு. நம்மில் பலர் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் திலக் மார்க்கிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மிசா சட்டத்தின்கீழ் பல்லாயிரவர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்கள் ஆட்கொணர்வு மனு கொடுக்கலாம் என்றே 9 உயர் நீதிமன்றங்கள் கூறின. அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஓர் உயிரைப் பறித்தாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றே தலைமை வழக்கறிஞர் நிரேன் டே விடையளித்தார். அவ்விடையைக் கேட்ட பின்னரும், 1976 ஏப்ரல் 28 அன்று, ஐந்து நீதிபதிகளுள் நால்வர் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

அந்நால்வருள் ஒருவர் பி.என்.பகவதி. அவர் கொடியவர் அல்லர். பிற்காலத்தில் ஏழை எளியோரின் கடிதங்களையும் வழக்காக ஏற்று, பொதுநல வழக்குக்கு வழிவகுத்த பெருமகன். அத்தீர்ப்பிலேயே, தனிமனித விடுதலையைத் தாம் எவ்வளவு போற்றுகிறார் என்று எழுதிவிட்டு, அப்பற்று சட்டத்தைக் காணும் தம் பார்வையை மறைத்துவிடலாகாது என்றார். சட்டத்துக்குக் கட்டுப்படுதல் என்பது எவ்வளவு நல்ல பெயர்! 2011-ஆம் ஆண்டில், முதுமையின் எல்லையில் நின்று, அத்தீர்ப்புத் தவறென்றும், தம் பலவீனத்தால் நேர்ந்ததென்றும் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் கன்னா ஒருவரே. தலைமை நீதிபதி பதவி அதனால் கைநழுவும் என்பதை அவர் அறிந்தே எழுதினார். அவ்வாறே நடந்தது. 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான எம்.எச்.பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். 2017 ஆகஸ்டில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. அவ்வாறு எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட், முன்னைய நால்வருள் ஒருவரான ஒய்.வி.சந்திரசூட்டின் மைந்தர்.

நீதிபதிகளோடு நம்மை ஒப்பிடுவது மிகையென்று வாசகர்கள் நகைக்கலாம். அளவு வேறுதான், வழி ஒன்றே. அறத்தின் பெயர் இரவலா, சொந்தமா என்று கண்டுகொள்ள எளிய கேள்வி ஒன்று உண்டு: அதற்கு விலை கொடுப்பவர் யார்? கன்னா தம் பதவியைக் கொடுத்தார். நால்வரின் கட்டுப்பாட்டுக்கு விலை கொடுத்தவர்களோ சிறையில் இருந்தவர்கள். தமையன் செய்தது தவறென்று இடித்துரைத்தும் அவனுக்காகவே போர்க்களம் புகுந்த கும்பகர்ணன்கூடச் செஞ்சோற்றுக் கடனைத் தன் உயிரால் தீர்த்தான். ஆகையால்தான் கம்பனைப் படிக்கும்போது அவனுக்காக நெஞ்சம் இரங்குகிறது. நாமோ நம் நன்றிக் கடனை, கைகூப்பிச் சென்ற அந்த மனிதரின் கணக்கில் எழுதினோம்.

இனி, நண்பர்களுக்கு நம் மறுமொழி. பொய்க் காரணம் எழுதிய கடிதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் பொங்கல் இருக்கிறது. பயண நாளுக்கு 60 நாள் முன்னதாக, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. முதல் நாள் மாலையே சொல்லுங்கள். விடியுமுன் எழுந்து, உங்கள் பொருட்டு வரிசையில் நாமே நிற்போம். அந்தத் தூக்கம் நம்முடையது. அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மகனுக்காக விழித்திருந்த நண்பர் இவ்வாண்டும் கேட்டார். மறுத்தோம். ஒரு வாரமாக அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அன்றே நாம் கொடுத்திருக்க வேண்டிய விலை இது. வரும் ஞாயிறன்று நாமே அவர் இல்லம் செல்வதாக இருக்கிறோம்.