சர்க்கரை வியாதியும் தலையெழுத்தும்

சர்க்கரை வியாதிக்காரரைக் காரணம் கேட்டால், "அப்பனுக்கு இருந்தது, எனக்கும் வந்தது; தலையில் எழுதியதை யார் அழிக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தரமும் சோறு போடச் சொல்வதை எங்கும் காண்கிறோம். விதி என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு மரபணு என்று புதுப்பெயர் வைத்துக் கொண்டால் மாத்திரம் அது அறிவாகிவிடுமா என்று கேட்கிறோம்.

பரம்பரைக்குச் சம்பந்தமே இல்லை என்பது நமது வாதமல்ல. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் வலிவு ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே மாறுபடுகிறது. இதற்கு ஒரு மரபணுவல்ல, நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகக் காரணமாயிருக்கின்றன. ஆனால் அந்தப் பலவீனத்தை வியாதியாக முற்றச் செய்வது பெரும்பாலும் உணவும், உழைப்பில்லாத வாழ்வும், அவற்றால் ஏறும் கொழுப்புமேயாகும்.

அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்தில் பீமா என்னும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய இனத்தாரே மெக்சிகோ நாட்டு மலைகளிலும் வசிக்கிறார்கள். 2006-ல் வெளியான ஆராய்ச்சிப்படி, அரிசோனாவில் 100-க்கு 38 பேருக்கு இவ்வியாதி. மெக்சிகோவிலோ 100-க்கு 7 பேருக்குத்தான். இனம் ஒன்று, வியாதி ஐந்து மடங்கு! இதற்குத் தலையெழுத்துக்காரர்கள் என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

மெக்சிகோ பீமாக்கள் சோளமும் அவரையும் தின்று வயலில் பாடுபட்டார்கள். அரிசோனா பீமாக்களும் ஒருகாலத்தில் விவசாயிகளே. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குடியேறிய வெள்ளையர் கீலா ஆற்று நீரை மேலேயே திருப்பிக் கொண்டார்கள், பயிர் அழிந்தது, பிறகு சர்க்கார் கொடுத்த வெள்ளை மாவும் கொழுப்பும் சர்க்கரையுமே உணவாயிற்று. தண்ணீரைத் திருப்பியவனை விட்டுவிட்டு, பிறந்த குலத்தின்மேல் பழி போடுவது எந்த நியாயம்?

மற்றும், வியாதி வரும் நிலையிலிருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. உணவைத் திருத்தி, வாரத்துக்கு 150 நிமிஷம் நடந்தவர்களுக்கு வியாதி வருவது 100-க்கு 58 பங்கு குறைந்தது. வியாதிக்கு ஏதுவான மரபணு உடையவர்களும் இப்பலனை அடைந்தார்கள். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான சோதனையிலும் 100-க்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது.

சிறு பிள்ளைகளுக்கு வருகிற முதல் வகை வியாதி வேறு. அதற்கு இன்சுலின் போட்டே தீர வேண்டும். நாம் சொல்வது பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையைப் பற்றியதாகும்.

ஆகவே, தாய் தந்தையருக்கு இவ்வியாதி உள்ள தோழர்கள் அதை விதியென்று எண்ணாமல் முன்னறிவிப்பாகக் கொண்டு, உடனே ரத்தத்தைப் பரிசோதித்து, சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டி, தினமும் நடந்து வரும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.