கணினிக்குள் கட்டிய வீடு

 

இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளை அறிந்தால் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகள் கணினியில் விளையாடும் விளையாட்டைப் பற்றியும், அதில் அவர்கள் சேமித்து வைப்பதைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பதைப் பற்றியும் எழுதப் போகிறேன். ‘மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு இது எதற்கு?’ என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சென்ற சில ஆண்டுகளுக்கு முன் வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் விளையாடலாம், எதை விளையாடலாம் என்பதெல்லாம் தனி விவாதம். அதற்குள் நான் இப்போது நுழையவில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் புதுக்கோட்டை, மன்னர் ஆண்ட புதுக்கோட்டை அன்று. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில் உள்ள சிற்றூர். என் லாத்தா வாழ்க்கைப்பட்டிருப்பது ஸ்ரீவைகுண்டத்தில். மச்சானுக்கு தம்மாமில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, சில ஆண்டுகளில் அதுவும் இல்லாமல், இரண்டு மாத விடுப்பில் வருவார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பள்ளிப் பாடத்துக்காக அவர்கள் வீட்டில் ஒரு கணினி வாங்கினார்கள். பாடம் முடிந்த பிறகு பையனுக்கு அது விளையாட்டுப் பெட்டியாயிற்று.

அவன் விளையாடியது ‘மைன்கிராஃப்ட்’. சுவீடன் நாட்டவர் ஒருவர் உருவாக்கி 2011இல் முழுமையாக வெளிவந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை விலைக்கு வாங்கியது. 2023ஆம் ஆண்டுக்குள் முப்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக அறிவித்தார்கள். இதில் சண்டையும் உண்டு. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது கட்டடம் கட்டுவதுதான். மண்ணையும் கல்லையும் மரத்தையும் சதுரச் சதுரமாக வெட்டி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். விளையாட்டின் கணக்குப்படி ஒரு கட்டி ஒரு மீட்டர்.

அந்த ஒரு மீட்டர்க் கணக்குதான் மச்சானைப் பிடித்துக்கொண்டது. 2022இல் விடுப்பில் வந்தவர், தாம் வாங்கிப் போட்டிருந்த மனையின் அளவை எடுத்துவந்து, மகனோடு உட்கார்ந்து, அந்த மனையில் எழுப்ப நினைத்திருந்த வீட்டைக் கணினிக்குள் கட்டத் தொடங்கிவிட்டார். திண்ணை, முற்றம், அடுப்படி என்று ஒவ்வொன்றாக எழுந்தது. அடுப்படிச் சன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று லாத்தா பின்னால் நின்று சொல்வாராம். திரும்பிப் போகும்போது அந்த வீட்டை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துச் சென்றார். தம்மாமில் உடன் தங்கியிருந்தவரின் மடிக்கணினியில் போட்டு, வெள்ளிக்கிழமைகளில் பார்த்துக்கொள்வாராம். 2023 விடுப்பில் வந்து மாடி கட்டினார்கள். மாடியில் பையனுக்கு ஓர் அறையும், கொடி கட்ட ஒரு மொட்டைமாடியும்.

இவையெல்லாம் எனக்குப் பின்னர் தெரிந்தவை. அந்நாட்களில் நான் அங்கே போகும்போதெல்லாம், “எந்நேரமும் இதுதானா?” என்று பையனைக் கடிந்துகொண்டிருந்தேன். திரையில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டதும், அக்கம்பக்கத்து ஊர்மக்கள் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டதும் செய்திகளில் வந்தன. எங்களுக்கும் லாத்தா வீட்டுக்கும் தொலைபேசித் தொடர்பே இல்லை. சாலை திறந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் நலமாக இருந்தார்கள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. அரிசி மூட்டை, மெத்தை, துணிமணி எல்லாம் சேறு. மேசைக்கு அடியில் தரையில் இருந்த கணினிப் பெட்டியும் சேறு.

பையன் என்னைக் கண்டதும் சொன்னது ஒன்றுதான்: “மாமா, வாப்பா கட்டுன வீடு போச்சு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெயில் காற்றில் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுகூட நினைத்தேன். லாத்தாதான் விவரம் சொன்னார். அப்போதுதான் நான் ஒரு தவறு செய்தேன். உதவுவதாக எண்ணி, “பெட்டியை வெயிலில் மூன்று நாள் காயவைத்து, போட்டுப் பாருங்கள்” என்றேன். அவ்வாறே செய்தார்கள். சுவிட்சைப் போட்டதும் ‘டக், டக்’ என்று உள்ளே ஒரு சத்தம். அதோடு முடிந்தது. பிறகு திருநெல்வேலியில் ஒருவரிடம் கொண்டு சென்றபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். நீரில் நனைந்த ஹார்ட் டிஸ்க்கில் மின்சாரமே பாயக்கூடாதாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளி முடியினும் மெல்லியது. அதில் சேற்றுத்துகள் நுழைந்த நிலையில் சுழலவிட்டால் தட்டு கீறிப்போகும். அப்படியே விட்டு, இதற்கென்று உள்ள தொழிலாளரிடம் சேர்த்திருந்தால் ஒருவேளை மீண்டிருக்கலாம். ஆகவே நனைந்த கணினி எவர் வீட்டிலாவது இருந்தால், ஒருக்காலும் நீங்களே போட்டுப் பார்க்காதீர்கள். இதை நான் சொல்வது ஒரு பிள்ளையின் உழைப்பை என் வாயாலேயே கெடுத்த வருத்தத்தில்.

நான் கல்லூரியில் தமிழ் படித்தவன். இந்தச் சமயத்தில் என் மனம் ஏட்டுச்சுவடிகளிடம் போயிற்று. எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் சீறாப்புராணம், செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் முயற்சியால் 1842இல் அச்சேறியது. அதுவரை ஏட்டிலிருந்து ஏட்டுக்கு யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் பெயர்த்துக்கொண்டே வந்ததனால்தான் அது அச்சுக்கூடம் வரை வந்து சேர்ந்தது. பனையோலையைச் செல் தின்னும், புழு துளைக்கும், வெள்ளம் கொண்டுபோகும் என்று அவர்களுக்குத் தெரியும். இரும்புப் பெட்டிக்குள் இருப்பதால் நம் கணினி அழியாது என்று நாம் எப்படியோ நம்பிவிட்டோம்.

விளையாட்டுச் செய்தவர்களுக்கும் இந்தக் கவலை தொடக்கத்திலிருந்தே உண்டு. பழைய டிவி கேம்கள் பலவற்றில் சேமிப்பு என்பதே கிடையாது. சிலவற்றில் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் திரையில் தோன்றும் எழுத்துகளைத் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் அதை அடித்துத் தொடர வேண்டும். 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வின் கேட்ரிட்ஜுக்குள் ஒரு சிறு பேட்டரி வைத்தார்கள். அது உயிரோடிருக்கும் வரை ஆட்டமும் நினைவிலிருக்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது. 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்குத் தனியாக ஒரு மெமரி கார்டு விற்றார்கள். அதன் கொள்ளளவு வெறும் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதில் அடங்காது. ஆயினும் அந்தக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விடலாம். சேமித்தது வேறு, விளையாடும் பெட்டி வேறு என்று இருந்தது அக்காலம்.

இப்போது அப்படியில்லை. விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்கிறது. எங்கே சேமிக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. விண்டோஸ் கணினியில் சில விளையாட்டுகள் ‘டாக்குமெண்ட்ஸ்’ என்னும் ஃபோல்டருக்குள் ‘மை கேம்ஸ்’ என்ற பெயரில் வைக்கும். சில, ‘சேவ்டு கேம்ஸ்’ என்ற ஃபோல்டரில் வைக்கும். பல, ‘ஆப்டேட்டா’ என்னும் ஃபோல்டரில் போட்டுவிடும். இது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். மைன்கிராஃப்டின் பழைய வகையான ஜாவா பதிப்பு வைப்பது இந்த மறைவிடத்தில்தான். விசைப்பலகையில் விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் ஒரு சதவீதக் குறி, ‘ஆப்டேட்டா’ என்று ஆங்கிலத்தில், மீண்டும் ஒரு சதவீதக் குறி இட்டுத் திறந்தால் வழி கிடைக்கும். அங்கே மைன்கிராஃப்ட் ஃபோல்டருக்குள் ‘சேவ்ஸ்’ என்று ஒன்று இருக்கும். பிள்ளை கட்டிய ஒவ்வோர் உலகமும் அதில் ஒரு தனி ஃபோல்டர். அதற்குள்ளிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்தால் பயனில்லை; ஃபோல்டரை முழுவதாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் விளையாட்டை மூடிவிட வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் கணக்கை நடுவில் பிடுங்கினால் கடைசி வரி அரைகுறையாக இருக்கும் அல்லவா?

அந்த விளையாட்டுக்குள்ளேயே பிரதி எடுக்க ஒரு பொத்தான் உண்டு. நல்லதுதான். ஆனால் அது பிரதியை அதே கணினியில் வேறோர் ஃபோல்டரில் வைக்கிறது. லாத்தா வீட்டில் அப்படி எத்தனை பிரதி எடுத்திருந்தாலும் எல்லாம் ஒரே சேற்றில்தான் கிடந்திருக்கும்.

‘இணையத்தில் தானாகச் சேமிப்பாகிறதே’ என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்வார்கள். ‘ஸ்டீம்’ என்னும் விளையாட்டுக் கடை 2008 முதல் அந்த வசதியைத் தருகிறது. ஆனால் எல்லா விளையாட்டுக்கும் அது கிடையாது. இருக்கும் விளையாட்டிலும், இங்கே ஒன்று கெட்டாலோ தவறி அழிந்தாலோ அந்தக் கேடே மேலேயும் போய்ப் பதிந்துவிடக்கூடும். நிழலைக் காப்பு என்று நம்புவதைப் போன்றது அது. தனி விளையாட்டுப் பெட்டிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். நின்டெண்டோ ஸ்விட்சில் சேமித்ததை மெமரி கார்டுக்கு மாற்ற வழியில்லை. பிளேஸ்டேஷன் 5இல் அதற்கென்றே செய்யப்பட்ட விளையாட்டுகளின் சேமிப்பைப் பென் டிரைவில் எடுக்க முடியாது. பணம் கட்டிச் சந்தாதாரர் ஆனால்தான் இணையத்தில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை நாள்கணக்கில் உழைத்துச் சேர்த்ததைக் கையில் எடுத்துக்கொள்ள அவனுக்கே உரிமையில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கணினியிலாவது அந்த உரிமை நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

பயன்படுத்துவதற்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். விளையாட்டுச் சேமிப்புக்கு மட்டும் என்றால் ஒரு பென் டிரைவேகூடப் போதும். குடும்பப் புகைப்படங்களையும் சேர்த்து வைக்க விரும்புவோர்க்கு ஹார்ட் டிஸ்க் ஏற்றது. ஃபோல்டரை அதில் போடும்போது பெயரோடு தேதியையும் சேர்த்து எழுதிவைப்பது நல்லது. சென்ற மாதத்துப் பிரதியின் மேலேயே இந்த மாதத்ததைப் போட்டு அழித்துவிடக்கூடாது. போட்ட பின் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாகவே கருதுவதில்லை. முறைப்படி கழற்றாமல் வெடுக்கென்று பிடுங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். சொருகியபடியே கிடந்தால் இடி மின்னலில் இரண்டும் ஒன்றாகப் போகும். வைரஸ் வந்தாலும் இரண்டையும் சேர்த்தே பிடிக்கும். நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் அதிகம். மூடி இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் போட்டு, பரண் உயரத்தில் வையுங்கள். இயன்றால் மற்றொரு பிரதி வேறோர் ஊரில் இருக்கட்டும்.

வேறோர் ஊரில் இருந்ததனால்தான் லாத்தா வீட்டிலும் பாதி மீண்டது. மச்சானிடம் இருந்த பென் டிரைவைச் சொன்னேன் அல்லவா? வெள்ளச் செய்தி கேட்டுத் துடித்துப் போயிருந்தவர், எல்லாரும் நலம் என்று அறிந்த பிறகு, இதையும் கேள்விப்பட்டு அந்த ஃபோல்டரைச் சுருக்கி இணையம் வழியே அனுப்பிவைத்தார். 2024இல் வேறு கணினி வாங்கி, ‘சேவ்ஸ்’ ஃபோல்டரில் அதைப் போட்டுத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். முதன்முறையாகக் குனிந்து பார்த்தேன். திண்ணை இருந்தது. முற்றம் இருந்தது. அடுப்படிச் சன்னல் லாத்தா சொன்ன பக்கத்தில் இருந்தது. மாடி இல்லை. அந்தப் பிரதி 2022இல் எடுத்தது. மாடியோ அதற்கு அடுத்த ஆண்டு எழுந்தது. இரண்டாவது விடுப்பு முடிந்து போகும்போது மறுபடியும் ஒரு பிரதி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது பையனிடம் இரண்டு டிஸ்க்குகள் உள்ளன. ஒன்று அவர்கள் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில், மனைப் பத்திரத்தோடு இருக்கிறது. மற்றொன்று புதுக்கோட்டையில் என் புத்தக அலமாரியில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, புதிய பிரதி இருக்கும் டிஸ்க்கை என்னிடம் வைத்துவிட்டு, பழையதை எடுத்துப் போவான். சென்ற முறை வந்தபோது என் மகளின் மடிக்கணினியில் போட்டு எனக்குக் காட்டினான். கொல்லையில் ஒரு கிணறு வெட்டியிருக்கிறான். மாடிப்படியைக் கட்டி, உச்சிப்படியோடு நிறுத்தியிருக்கிறான். மேலே வெறும் வானம்.

“மாடியை ஏன் விட்டுட்டே?” என்றேன்.

“வாப்பா லீவுல வரட்டும் மாமா” என்றான்.