ஒரே வாசல், பல அறைகள்: ‘சர்வர் ஜாம்’ என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில், காலை 10 மணிக்கு நாடு முழுவதும் உள்ள மாணவர்கள் ஒரே அகப்பக்க முகவரியைத் தட்டுகிறார்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான யு.பி.யு. முடிவு வரும் நாளிலும் இதே நிலைதான். பக்கம் திறக்கவில்லை என்றால் வீட்டில் உடனே சொல்லப்படும் காரணம், “சர்வர் ஜாம்”. இந்த இரண்டு சொற்களுக்குள் வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதும் தெரியும் என்று நான் நினைக்கிறேன்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். அரசாங்க கிளினிக்குக்குப் போகிறோம். வெளியே தெரியும் முகவரி ஒன்றுதான். உள்ளே மருத்துவர் அறைகள் ஐந்தோ ஆறோ இருக்கும். எந்த அறைக்குப் போவது என்று நாம் முடிவு செய்வதில்லை. பதிவுக் கவுன்டரில் எண் தருகிறார்கள். காலியாக இருக்கும் அறைக்கு அனுப்புகிறார்கள். நான்காவது அறை மருத்துவர் விடுப்பில் இருந்தால் அந்த அறைக்கு யாரையும் அனுப்ப மாட்டார்கள். பல்வலி என்றால் பல் மருத்துவப் பிரிவைக் காட்டுவார்கள்.

பெரிய அகப்பக்கங்களும் இப்படித்தான் இயங்குகின்றன. வெளியுலகுக்குத் தெரியும் பொது முகவரியில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கும். அது செய்யும் வேலைக்கு ‘ரிவர்ஸ் புராக்சி’ என்று பெயர். வரும் கோரிக்கைகளை உள்ளே இருக்கும் பல சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது அதை ‘லோட் பேலன்சர்’ என்றும் சொல்வார்கள். அது சர்வர்களுக்கு மாறி மாறி அனுப்பலாம். வேலை குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்பலாம். ஒவ்வொரு சர்வரும் நலமாக இருக்கிறதா என்று சில விநாடிகளுக்கு ஒரு முறை சோதித்து, பதில் தராத சர்வரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ஒரே முகவரியில் பல அகப்பக்கங்கள் இருந்தால், நாம் கேட்ட அகப்பக்கத்தின் பெயரைப் படித்துச் சரியான சர்வருக்கு வழிகாட்டும்.

முகவரியைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. பழைய ஐ.பி.வி.4 முறையில் மொத்த முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3ஆம் தேதி பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதனால் உள்ளே இருக்கும் கருவிகளுக்குத் தனி முகவரிகள் போதும் என்ற ஏற்பாடு பரவியது. உங்கள் கைப்பேசியின் வைஃபை அமைப்பைத் திறந்து பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கிள்ளானில் ஒரு வீட்டிலும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம். அதனால் குழப்பம் வராது. வெளியே தெரிவது ரூட்டரின் பொது முகவரிதான். ரூட்டர் நம்மை வெளியே அனுப்பிவைக்கிறது. ரிவர்ஸ் புராக்சி வெளியே இருந்து வருபவர்களை உள்ளே சேர்க்கிறது.

இனி, எங்கெல்லாம் அடைப்பு ஏற்படலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, அறைகள் போதாமல் போவது. வருபவர்கள் ஆயிரம், சர்வர்கள் இரண்டு என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். கூடுதல் சர்வர்களைச் சேர்த்தால் இது தீரும். இன்றைய கிளவுட் சேவைகளில் சில நிமிடங்களிலேயே சேர்த்துவிடலாம்.

இரண்டாவது, மருந்துக் கவுன்டர். கிளினிக்கில் எந்த அறைக்குப் போனாலும் கடைசியில் எல்லாரும் ஒரே மருந்துக் கவுன்டருக்குத்தான் வர வேண்டும். அகப்பக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது தரவுத்தளம். பத்து சர்வர்களை இருபதாக்கினாலும் எல்லாச் சர்வர்களும் ஒரே தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டு நின்றால் வரிசை அங்கே நீளும். தேர்வு முடிவைப் பார்ப்பது இதில் எளிது. முடிவு மாறாது, நகலெடுத்துப் பல இடங்களில் வைக்கலாம். முன்பதிவு அப்படியல்ல. ஓர் இடத்தை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு பதிவும் ஒரே கணக்கில் சரிபார்க்கப்பட வேண்டும்.

பாதி விண்ணப்பம் நிரப்பிய பிறகு “மீண்டும் உள்நுழையவும்” என்று சில அகப்பக்கங்கள் சொல்வதற்கும் இங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. முதல் பக்கத்தை நிரப்பியது இரண்டாவது சர்வரில். அடுத்த பொத்தானை அழுத்தும்போது வாசல் உங்களை ஐந்தாவது சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. உங்கள் விவரம் பொதுவான இடத்தில் சேமிக்கப்படவில்லை என்றால் ஐந்தாவது சர்வருக்கு நீங்கள் புதியவர்.

மூன்றாவது, வாசலே அடைத்துக்கொள்வது. இதற்கு அண்மைய உதாரணம் 2025 நவம்பர் 18. மலேசிய நேரப்படி அன்று இரவு 7.20 மணி அளவில் எக்ஸ், சாட்ஜிபிடி உட்படப் பல சேவைகள் உலகெங்கும் தடுமாறின. அவற்றுக்கெல்லாம் பொதுவான வாசலாக நிற்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனம். உலக இணையத்தளங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வாசலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முதலில் இணையத் தாக்குதலோ என்ற சந்தேகம் எழுந்தது. உண்மைக் காரணம் வேறு. தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால், தானியங்கி நிரல்களை அடையாளம் காணும் கோப்பு ஒன்று இரு மடங்கு பெரிதானது. அந்த அளவை ஏற்காத மென்பொருள் நின்றுபோனது. முக்கியச் சேவைகள் சீராக இரவு 10.30 மணி ஆனது. அந்த மூன்று மணி நேரமும் பல நிறுவனங்களின் சொந்த சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் கோளாறு என்பதால் யாரும் உள்ளே போக முடியவில்லை.

இவை மூன்றும் பொறியியல் சிக்கல்கள். பணமும் திறமையும் இருந்தால் தீர்க்கலாம். நான்காவது ஒன்று இருக்கிறது. அதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் 2021இல் நேரடியாகப் பார்த்தார்கள்.

இரத்தக் கட்டி பற்றிய அச்சம் பரவியிருந்ததால், அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசியை அரசாங்கம் வழக்கமான திட்டத்திலிருந்து பிரித்து, விரும்புபவர்கள் தாங்களே பதிந்துகொள்ளலாம் என்று அறிவித்தது. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்கான பதிவு மே 2ஆம் தேதி நண்பகலில் திறந்தது. ஏறத்தாழ 268,800 இடங்கள் சில மணி நேரத்தில் நிரம்பின. மே 26ஆம் தேதி மேலும் சில மாநிலங்களையும் சேர்த்து இரண்டாம் சுற்று நடந்தது. பத்து லட்சத்தை நெருங்கிய இடங்கள் ஒரு மணி நேர அளவில் தீர்ந்தன. சிலருக்குப் படிவம் உடனே வந்தது. பலருக்கு வரவே இல்லை. சமூக ஊடகங்களில் கோபமும் கேலியும் நிரம்பின. திட்டத்தின் ஒருங்கிணைப்பு அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார்.

அன்று அகப்பக்கம் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் ஓடியிருந்தால் எல்லாருக்கும் நியாயம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பதே என் கருத்து. நண்பகல் 12 மணிக்குத் திறந்து, முந்தியவருக்கே இடம் என்பது விதி. கைப்பேசி டேட்டாவை நான்கு பேர் பகிரும் கிள்ளான் வீட்டையும், ஃபைபர் இணைப்புள்ள பிரிக்பீல்ட்ஸ் கொண்டோமினியத்தையும் வாசலில் நிற்கும் கணினி வேறுபடுத்திப் பார்க்காது. எது முதலில் வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த நேரத்தில் தொழிற்சாலையில் வேலையில் இருந்தவர், கணினி பழக்கமில்லாத பாட்டி, இவர்கள் எல்லாரும் தோற்பதற்கு சர்வர் பழுதாக வேண்டியதில்லை.

அதே காலத்தில் இன்னொரு விதியும் நடைமுறையில் இருந்தது. வழக்கமான திட்டத்தில் மைசெஜாத்ரா செயலியில் எப்போது வேண்டுமானாலும் பதியலாம்; முன்னுரிமைப்படி தேதியை அரசாங்கம் ஒதுக்கித் தரும். எல்லாரும் ஒரே நிமிடத்தில் வாசலுக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை. காத்திருப்பு நீண்டது, அதற்கும் குறைகூறல்கள் வந்தன. ஆனால் வேகமான இணைப்பு அங்கே தகுதி ஆகவில்லை. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு அஸ்ட்ராஸெனெகாவும் அந்த வழக்கமான திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. விதியை மாற்றியதும் நெரிசலின் காரணமும் மறைந்தது.

முந்தியவருக்கே இடம் என்ற முறை தவறு என்று நான் சொல்லவில்லை. இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு அது பொருந்தலாம். உடல்நலம், கல்வி, உதவித்தொகை போன்றவற்றுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. குலுக்கல் முறை உண்டு. நாள்களைப் பிரித்துத் திறக்கும் முறை உண்டு. முன்னதாக வந்து காத்திருப்பவர்களுக்கு மெய்நிகர் வரிசையில் எண்களைக் கலைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. எஸ்.பி.எம். முடிவைக் குறுஞ்செய்தி வழியாகவும் பள்ளியிலும் பெறலாம் என்பதும் நல்ல ஏற்பாடே. ஒரு வாசல் அடைத்தால் இன்னொரு வாசல் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை ஏதாவது ஓர் அகப்பக்கம் திணறும்போது, ரிஃப்ரெஷ் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தமும் வரிசையில் இன்னோர் ஆளாகக் கணக்காகும். அதற்குப் பதில் கேட்டுப் பாருங்கள்: போதாமல் போனது சர்வரா, தரவுத்தளமா, வாசலா? அல்லது ஒரே நேரத்தில் எல்லாரையும் ஓடவைத்த விதியா?

கணினித் துறையில் ஆர்வமுள்ளவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட ‘எஞ்சின்எக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இந்த வாசல் வேலையைச் செய்கிறது. பழைய மடிக்கணினி ஒன்று போதும். அதில் இரண்டு சிறிய சர்வர்களை ஓடவிட்டு, முன்னால் எஞ்சின்எக்ஸை நிறுத்துங்கள். ஒரு சர்வரை அணைத்தால் பக்கம் தொடர்ந்து வரும். பிறகு எஞ்சின்எக்ஸையே அணைத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.