விகடகவியும் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவி, வேங்கிக்கால்)

"என்ன படிக்கிறாய் கண்ணு?" என்று எங்கள் தெருவில் யார் கேட்டாலும், "பி.எஸ்சி. கணினி அறிவியல்" என்று பெருமையோடு சொல்வேன். மறுகணமே அடுத்த கேள்வி வரும். "அப்படியானால் எங்கள் பட்டாவைக் கொஞ்சம் எடுத்துத் தருவாயா?"

வேங்கிக்காலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது புதிதன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. மனு, நகல், சான்றிதழ் என்று கையில் காகிதக் கட்டோடு வேலூர் சாலையில் நடந்து செல்லும் மக்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போனவள் நான். அவர்களுக்குக் கணிப்பொறி என்பது விண்ணப்பத்தை விழுங்கும் ஒரு பெட்டி. அதைப் பற்றிப் படிக்கிற பெண், அந்தப் பெட்டியின் வாயைத் திறக்கத் தெரிந்தவளாகத்தானே இருக்க வேண்டும்? அவர்கள் எதிர்பார்ப்பில் தவறே இல்லை. தவறு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா பூ கட்டி விற்பவர். பௌர்ணமி கிரிவலமும் கார்த்திகைத் தீபமும் வந்தால்தான் வீட்டில் நாலு காசு புழங்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்துவிட்டு இத்துறையில் சேர்ந்த எனக்கு, முதல் நாள் வகுப்பு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. பிழைப்பதற்கு நான் கண்டுபிடித்த வழி, நம்மில் பலரும் கண்டுபிடித்த அதே வழிதான். மனப்பாடம்!

அண்ணன்மார், அக்காமார் கொடுத்துவிட்டுப் போன ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். அரைப்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று பாட்டுப் போல் ஒப்பித்தேன். செய்முறைத் தேர்வில் சீட்டு எடுத்தபோது எனக்கு வந்தது "பாலிண்ட்ரோம்" நிரல். ஒரு சொல்லை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிறதா என்று கண்டறிவது அதன் வேலை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். "மேடம்" என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தேன். "ஆம்" என்றது கணிப்பொறி. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் விளக்கியபோது விளங்கிக்கொள்ள முயலாமல், விடையை மட்டும் தேடிய குற்றம் என்னுடையது.

அந்தக் குற்றத்தின் கனத்தை எனக்கு உணர்த்தியவர், கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டி.

கோடை விடுமுறையில் பாட்டியின் உதவித்தொகைக்காக அவரோடு நானும் அலைந்தேன். அவரிடம் இருந்த இரண்டு அட்டைகளில் ஒன்றில் அவர் பெயர் "அம்மாள்" என்று முடிகிறது. மற்றொன்றில் "அம்மா" என்று முடிகிறது. வேறுபாடு ஒரேயோர் எழுத்து! பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. வெயிலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு பாட்டி என்னிடம் கேட்டார்:

"ஏ கண்ணு, நீ கம்பூட்டருதானே படிக்கிறே? ரெண்டு பேரும் நான் ஒருத்திதான்னு அதுகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் என்ன சொல்வேன்? இரண்டு சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலும் என் ரெக்கார்டில் இருக்கிறது. அதற்கும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் மனப்பாடம் செய்த அந்த நாலு வரிதான் மரத்தடியில் என் பாட்டியை உட்கார வைத்திருக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் ஏட்டில் இருந்தது சுரைக்காய் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை!

கல்லூரி திறந்ததும் ஆய்வகத்தில் ஒரு காரியம் செய்தேன். அதே பாலிண்ட்ரோம் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதி, "மேடம்" இருந்த இடத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த "விகடகவி" என்னும் சொல்லை இட்டேன். குழந்தைக்கும் தெரியும், அதை எப்படிப் படித்தாலும் விகடகவிதான். கணிப்பொறியோ "இல்லை" என்றது. மீண்டும் இட்டேன். மீண்டும் "இல்லை" என்றது.

ஆசிரியரிடம் ஓடினேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, "தமிழ்ப் பேராசிரியரைப் போய்க் கேள்" என்றார். தமிழ்த்துறைக்குப் போனேன். பேராசிரியர் திரும்பக் கேட்டார்: "எழுத்து என்றால் எது என்று அந்த இயந்திரத்துக்கு நீ முதலில் சொன்னாயா அம்மா?"

நண்பர்களே, அங்கேதான் நான் கணினி படிக்கத் தொடங்கினேன்.

நமக்கு "வி" என்பது ஓர் எழுத்து. கணிப்பொறிக்கு அது இரண்டு குறியீடு. "வ" ஒன்று, இகரக் கொக்கி ஒன்று. ஆகவே அது விகடகவியைத் திருப்பும்போது கொக்கி முன்னாலும் வகரம் பின்னாலும் போய் விழுகின்றன. "அம்மா" என்பதில் நமக்கு 3 எழுத்து. பைத்தான் மொழியில் நீளம் கேட்டால் 5 என்று வரும். அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என்று அது எண்ணுகிறது. சி மொழியில் யு.டி.எஃப்-8 முறையில் எழுதிய அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும். அங்கே ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மூன்றெழுத்து அம்மா, ஓரிடத்தில் ஐந்தாகவும் மற்றோரிடத்தில் பதினைந்தாகவும் ஆகிவிடும் விந்தையைப் பாருங்கள்!

இன்னொன்றும் அறிந்தேன். க் என்னும் மெய்யோடு அ என்னும் உயிர் சேர்ந்தால் க என்னும் உயிர்மெய் பிறக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். ஒருங்குறி முறையில் இது தலைகீழ். அங்கே க தான் அடிப்படை. அதன்மேல் புள்ளி சேர்த்தால்தான் க் வரும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்த செய்தியைப் பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் கேட்டபோது, "கணினி மாணவிக்கு இது எதற்கு?" என்று முணுமுணுத்தவள் நான். அந்தப் புள்ளியே ஆய்வகத்தில் என் நிரலைக் கவிழ்க்கக் காத்திருந்தது.

பிழையைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. கொக்கியோ, காலோ, கொம்போ, புள்ளியோ வந்தால் அதை முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்து ஒன்றாகக் கொள். பிறகு திருப்பு. இவ்வளவுதான் வழி. ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங் என்பதைத் தமிழில் சரம் என்கிறோம். பூக்காரி மகளாகிய எனக்கு இது புரியாமல் போகுமா? பூவை இதழ் இதழாகப் பிய்த்துவிட்டுக் கோத்தால் சரம் ஆகாது. பூவைப் பூவாக எடுத்துக் கோக்க வேண்டும். அப்படித் திருத்தியபின் "விகடகவி" தேறியது. இடைவெளியை நீக்கிக் கொடுத்தபோது "தேரு வருதே" என்பதும் தேறியது. பாலிண்ட்ரோம் என்று நாம் வாய் வலிக்கச் சொல்வதற்குத் தமிழில் மாலைமாற்று என்ற பெயர் முன்பே உண்டு என்பதையும், 7ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் மாலைமாற்றாக ஒரு பதிகம் முழுவதையும் பாடியிருக்கிறார் என்பதையும் அன்று பேராசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இத்துறையில் உழைத்தவர்களின் வரலாறும் நமக்குப் பாடமாக வேண்டும். 1988இல் இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையைப் பின்பற்றியே 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டது. சிங்கப்பூரில் தமிழாசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். பொறியாளர் அல்லர், தமிழ் படித்தவர்! 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் டேஸ்16 என்னும் முறையையும் ஏற்று ஆணையிட்டது. விகடகவியால் எனக்கு வந்த ஐயம் அறிஞர்கள் பல்லாண்டு வாதிட்ட பொருள் என்று அறிந்தபோது வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே உண்டாயின.

"இதெல்லாம் சரி, வேலைக்கு ஆங்கிலம்தானே வேண்டும்? சென்னையில் தமிழில் யார் நிரல் எழுதச் சொல்கிறார்கள்?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆங்கிலம் வேண்டும். அதை நன்றாகவே கற்போம். நான் சொல்வது வேறு. புரிந்துகொள்வது என்பது நாம் சண்டை போடும் மொழியில், கனவு காணும் மொழியில் நடக்க வேண்டும். தமிழில் புரிந்ததை ஆங்கிலத்தில் எழுதப் பழகலாம். எந்த மொழியிலும் புரியாததை எத்தனை மொழியில் ஒப்பித்து என்ன பயன்?

மற்றொரு நண்பர், "இனி நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடும், நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" என்றார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இப்பேச்சு எங்கும் கேட்கிறது. என் கருத்தோ நேர்மாறானது. நாம் மனப்பாடம் செய்யும் நிரலை இயந்திரம் நொடியில் எழுதித் தருமென்றால், மனப்பாடத்துக்கு இனிச் சந்தையில் விலை இல்லை என்றுதானே பொருள்? "இது விகடகவிக்கும் சரியாக வருமா?" என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. எழுதித் தந்ததைச் சோதிக்கத் தெரியாதவர், இயந்திரம் சொன்னதே வேதம் என்று கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பாட்டியின் பெயருக்கு வருகிறேன். "அம்மா"வும் "அம்மாள்"உம் ஒன்று என்று கணிப்பொறிக்குச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. எங்கள் தெருவிலேயே ஏறக்குறைய ஒரே பெயர் கொண்ட பாட்டிமார் சிலர் இருக்கிறார்கள். கண்டிப்பைத் தளர்த்தினால் ஒருவருக்குரிய பணம் மற்றொருவருக்குப் போகும். கண்டிப்பாகவே இருந்தால் உரியவருக்கும் கிடைக்காது. எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே நிறுத்தி ஒரு மனிதரைக் கேட்க வேண்டும் என்று விதி வகுப்பதே இக்கல்வியின் கடினமான பகுதி. அவ்விதியை வகுப்பவருக்கு நிரலும் தெரிய வேண்டும், எங்கள் தெருவும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்களாக வரக்கூடியவர்கள், அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் நம்மைப் போன்ற முதல் தலைமுறைப் பிள்ளைகளே என்பது என் துணிபு. நாமும் ஒப்பித்துவிட்டு வெளியேறினால் மரத்தடியில் பாட்டிமார் உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே மாணவ நண்பர்களிடமும் ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு சிறு வேண்டுகோள். நம் ரெக்கார்டில் வலப்பக்கம் நிரல் எழுதுகிறோம். இடப்பக்கம் வெளியீட்டை எழுதியபின் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பாதியில், இந்நிரல் என்ன செய்கிறது, எங்கே தவறும் என்று நாமே நம் சொந்தத் தமிழில் ஐந்து வரி எழுதுவோம். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. பார்த்து எழுத முடியாத ஐந்து வரியாக இருந்தால் போதும். ஆசிரியர்கள் கையெழுத்திடுமுன் அந்த ஐந்து வரியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய கருவி வேண்டாம், செலவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே அறையில் அமர்ந்து ஒரு நிரலை ஆராய்ந்தால் இன்னும் நன்று.

பாட்டியின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று முறை அலைந்து ஓர் அட்டையில் பெயரைத் திருத்தினோம். இரண்டும் இப்போது "அம்மாள்" என்றே முடிகின்றன. "நீ சொன்னதும் கேட்டுக்கிச்சா?" என்று பாட்டி என் கன்னத்தைத் தடவினார். நான் சொல்லவும் இல்லை, அது கேட்கவும் இல்லை. திருத்தியது இயந்திரத்தை அன்று, பாட்டியின் பெயரை! அடுத்து வரும் ஒரு பாட்டிக்காவது இயந்திரத்தைத் திருத்தும் திறம் எனக்கு வாய்க்க வேண்டும் என்ற ஆசையோடு, என் ரெக்கார்டின் இடப்பக்கத்தில் முதல் ஐந்து வரியை எழுதிவிட்டேன்.

நீங்களும் எழுதுங்கள்.